வியாழனுக்குப் பக்கத்தில் எத்தனை பொட்டு

கம்ப்யூட்டர் வைத்த தொலைநோக்கி என்றால் பொத்தானை அமுக்கினால் போதும், சனியைத் தானே தேடிப் பிடித்துக் காட்டிவிடும் என்றுதான் நினைத்தேன். பெட்டியின் மேலும் அப்படித்தான் போட்டிருந்தது. முதல் வாரம் முழுக்க அது எனக்குக் காட்டியது பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியை.

தப்பு என்னுடையதுதான். அதன் ரிமோட்டில் ஊர், நேரம், தேதி மூன்றையும் போட வேண்டும். நம் வழக்கப்படி தேதியை முதலில் போட்டு மாதத்தை அப்புறம் போட்டேன். அது அமெரிக்கா வழக்கப்படி மாதத்தை முதலில் எதிர்பார்த்தது. ஆகவே நான் மார்கழியில் மொட்டை மாடியில் நின்றுகொண்டிருக்க, அது ஏதோ ஒரு வெயில் மாதத்து வானத்தில் சனியைத் தேடிக்கொண்டிருந்தது. முப்பது வருடமாக அரசாங்கத்தில் குமாஸ்தா வேலை பார்த்து, அடுத்தவர் போடும் தேதியில் பிழை கண்டுபிடித்தே சம்பளம் வாங்குகிறவன் நான். என் மேலேயே எனக்கு எரிச்சல் வந்தது.

என் மனைவி ஒரே ஒரு நாள் மேலே வந்து பார்த்தாள். "நிலாவுக்கு எதுக்குங்க ரிமோட்டு? அது பாட்டுக்கு அங்கதான இருக்குது?" என்று கேட்டுவிட்டு, காய்ந்த துணியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள்.

வீடு கடலூர் மஞ்சக்குப்பத்தில். வேலை சிதம்பரத்தில். காலையில் பஸ் பிடித்துப் போய் மாலையில் திரும்புகிற வாழ்க்கை. அந்தத் தடத்தில் ஓடும் தனியார் பஸ் ஒன்றின் டிரைவர் என் அக்காவின் கணவர். இரண்டு தெரு தள்ளித்தான் அவர் வீடு. ஒரு நாள் விட்டு ஒரு நாள் அவருக்கு டூட்டி. அவர் ஓட்டுகிற நாட்களில் நான் அவருடைய பஸ்ஸில்தான் போவேன். எஞ்சின் மூடிக்கு இடது பக்கம், முன்கண்ணாடியை ஒட்டி இருக்கும் ஒற்றை சீட் எனக்கு. கண்டக்டர் அதில் வேறு யாரையும் உட்கார விடமாட்டார்.

வீட்டில் வேறு யாரும் சீந்தாத அந்தத் தொலைநோக்கியை மதித்தவர் மாமா ஒருவர்தான். டூட்டி இல்லாத நாட்களில் ஏழு மணிக்கெல்லாம் மாடிக்கு வந்துவிடுவார். ரிமோட்டை உடனே வாங்கிக்கொள்வார். நான்கு அம்புக்குறிப் பொத்தான்கள். அமுக்கினால் மோட்டார் உறுமிக்கொண்டே குழாய் திரும்பும்.

"இன்னா மச்சான், கிளட்ச் இல்ல, கியர் இல்ல. இதுக்கு லைசென்ஸே தேவயில்ல போலருக்கே!"

அந்தக் கருவிக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு மாலையும் அதை நிறுத்தி வைத்தவுடன் இரண்டு நட்சத்திரங்களை நாம் அதற்கு அடையாளம் காட்ட வேண்டும். அது குத்துமதிப்பாக ஓர் இடத்துக்குத் திரும்பி நிற்கும். நாம் கண்ணை வைத்துப் பார்த்து, நட்சத்திரத்தைச் சரியாக வட்டத்தின் நடுவில் கொண்டுவந்து நிறுத்தி, 'ஆம், இதுதான்' என்று பொத்தானை அமுக்க வேண்டும். இரண்டு முறை சரியாகச் செய்துவிட்டால் அப்புறம் வானம் முழுக்க அதற்கு அத்துப்படி. செய்யாவிட்டால் 'தோல்வி' என்று சிவப்பு எழுத்தில் வரும், மறுபடி முதலிலிருந்து. அந்த மாதங்களில் ரோகிணியும் திருவாதிரையும் மாலையிலேயே நன்றாக ஏறி நின்றன. நாங்கள் அவை இரண்டையும்தான் பயன்படுத்தினோம்.

நட்சத்திரத்தை நடுவில் நிறுத்தும் வேலையை மாமா எடுத்துக்கொண்டார். அவர் செய்கிற ஒவ்வொரு நாளும் 'தோல்வி' வந்தது.

"நடுவுலதான நிறுத்துனீங்க மாமா?"

"அறுபது பேர ஏத்திக்கினு ஒடுக்கப் பாலத்துல லாரிக்கு வழி விடறவன் மச்சான் நானு. ஒத்த நட்சத்திரத்த நிறுத்த மாட்டனா? உன் மிஷினு டுபாக்கூர்."

மிஷின்தான் டுபாக்கூர் என்று நானும் நம்பினேன். கம்பெனிக்குக் கோபமாக ஒரு மெயில் எழுதினேன். முக்காலியின் மட்டத்தைத் தச்சு வேலைக்காரரின் ரசமட்டம் வைத்துச் சரிபார்த்தேன். ஆனால் மாமா வராத நாட்களில் நானே நிறுத்தினால் முதல் தடவையிலேயே 'வெற்றி' வந்தது. ஒரு நாள் அவர் பொத்தானை அமுக்குவதற்கு முன்னால் தடுத்து, நான் கண்ணை வைத்துப் பார்த்தேன். நட்சத்திரம் நடுவில் இல்லை. மேலே, இடது ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. அடுத்த முறை பார்த்தேன். அதே ஓரம். அதற்கடுத்த முறையும் அதே ஓரம்.

ஓர் ஆள் கை நடுங்கித் தவறவிட்டால் ஒரு நாள் இந்தப் பக்கம் போகும், ஒரு நாள் அந்தப் பக்கம் போகும். எப்போதும் ஒரே பக்கம் போனால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். ஆபீசில் ஒரு பதிவேட்டில் இப்படி இருந்திருந்தால் அன்றே கண்டுபிடித்திருப்பேன். மாமா விஷயத்தில் எனக்குத் தோன்றியது கேலி மட்டும்தான். "மாமா, பஸ்ஸையும் இப்படி ஓரமாத்தான் ஓட்டறீங்களா?" என்றேன். அவர் சிரிக்கவில்லை. அதையும் நான் கவனிக்கவில்லை.

பிறகு சனி. ஒரு நாள் நானே இரண்டு நட்சத்திரங்களையும் காட்டிவிட்டுச் சனியைப் பிடித்து வைத்திருந்தேன். மேற்கில் இறங்கிக்கொண்டிருந்தது. சின்னப் பொட்டு, அதைச் சுற்றி வளையம். அதை நேரில் பார்ப்பது எனக்கு அதுதான் முதல் முறை. மாமாவுக்குப் போன் செய்துவிட்டு, வாசலில் அவர் குரல் கேட்டதும் கீழே இறங்கிப் போய் அழைத்து வந்தேன். அவர் குனிந்து கண்ணை வைத்தார்.

"தெரியுதா மாமா? வளையம்?"

"அடேங்கப்பா! தட்டு மாதிரி சூப்பரா தெரியுது மச்சான்."

அவர் நகர்ந்ததும் நான் பார்த்தேன். ஒன்றுமே இல்லை. கறுப்பு. நான் கீழே போயிருந்த நேரத்தில் பேட்டரி தீர்ந்து மோட்டார் நின்றிருக்கிறது. மோட்டார் நின்றால் ஒரு நிமிடத்துக்குள் சனி வட்டத்தை விட்டு நகர்ந்துவிடும். மாமா பார்த்தது வெறும் வானத்தை.

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் போன பிறகு மனைவியிடம் சொல்லிச் சிரித்தேன். நம் கல்யாணங்களில் ஐயர் உச்சி வெயிலில் மாப்பிள்ளையையும் பெண்ணையும் வெளியே கூட்டி வந்து, வானத்தைக் காட்டி, "அருந்ததி தெரியறதா?" என்று கேட்பார். பகலில் எந்த நட்சத்திரம் தெரியும்? ஆனால் இரண்டு பேரும் "தெரியுது" என்று தலையாட்டுவார்கள். நானும் ஆட்டியிருக்கிறேன், மாமாவும் ஆட்டியிருக்கிறார். மேலே கையைக் காட்டி ஒருவன் தெரிகிறதா என்று கேட்டால் தெரிகிறது என்று சொல்வதுதான் நமக்கு மரியாதை. மாமாவும் என் மனம் நோகக்கூடாது என்று அப்படிச் சொல்லியிருக்கிறார் என்று முடிவு கட்டிக்கொண்டேன். அந்த ஒரு முடிவுக்காக இன்றைக்கும் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம்.

பஸ்ஸில் வேறு விஷயங்கள் நடந்துகொண்டிருந்தன. வேகத்தடை வந்த பிறகு பிரேக் போட்டார். பின் சீட்டில் இருப்பவர்கள் தலை இடித்துக்கொண்டு கத்தினார்கள். ஆருத்ரா தரிசனத்துக்கு நான்கு நாள் முன்பே சேர்ந்துவிட்ட கூட்டத்தில் சிதம்பரம் பஸ் நிலையத்துக்குள் நுழையும்போது, வலது பக்கம் நின்றிருந்த ஒரு தள்ளுவண்டியை உரசினார். கொய்யாப் பழங்கள் உருண்டன. வண்டிக்காரரோடு கண்டக்டர் சண்டைக்குப் போனார். மாமா ஸ்டீரிங்கைப் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வண்டி அங்கே இருந்ததே அவருக்குத் தெரியவில்லை என்பது அவர் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

அன்று ஆபீசில் உட்கார்ந்திருக்கும்போது கறுப்பு வட்டத்தையும் 'தட்டு மாதிரி சூப்பரா தெரியுது' என்பதையும் நினைத்தேன். எப்போதும் ஒரே ஓரத்தில் நின்ற நட்சத்திரத்தை நினைத்தேன். எதிரில் இருந்த பதிவேட்டை மூடி வைத்தேன்.

அதற்கு அடுத்த நாள் மாலை, முக்கால் நிலா. தொலைநோக்கியில் நிலாவை வைத்தால் வட்டம் முழுக்க வெளிச்சம் நிறைந்துவிடும். கண் கூசும். அதைத் தெரியவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. மாமா வழக்கம்போல் வலது கண்ணை வைத்தார்.

"மாமா, நடுவுல ஒரு பெரிய குழி இருக்குது பாருங்க. எப்படித் தெரியுது?"

அவர் தலையை இப்படியும் அப்படியும் திருப்பினார்.

"பொய் சொல்லாதீங்க மாமா. எனக்குத் தெரியும்."

கண்ணை எடுக்காமலே சொன்னார். "ஓரம் தெரியுது மச்சான். நடுவுல யாரோ கட்ட வெரல வச்சி அமுக்குன மாரி இருக்குது. நேராப் பாத்தா ஒண்ணுமே இல்ல."

எட்டு மாதமாக அப்படித்தானாம். அவருக்குச் சர்க்கரை ஜாஸ்தி என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அது கண் வரைக்கும் போய்விட்டது என்பது அவர் ஒருவருக்கு மட்டும் தெரியும். அக்காவிடம் சொல்லவில்லை. லைசென்ஸ் புதுப்பிக்க டாக்டர் சான்றிதழ் வேண்டும். எங்கோ ஓர் இடத்தில் கண்ணையே பார்க்காமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

நான் கத்தினேன். மாடி என்பதை மறந்து கத்தினேன். "அறுபது பேரு மாமா! நானும் அதுலதான் வரேன்!"

அவர் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். "இடது கண்ணு நல்லா இருக்குது மச்சான். ஒரு கண்ணுல ஓட்டிக்கினுதான் இருக்கேன், ஒண்ணும் ஆவுல. பொண்ணு கடைசி வருஷம் படிக்குது. அது முடியற வரைக்கும். இருவது வருஷத்துக்கு மேல ஸ்டீரிங் புடிச்சவன நாளைக்கே இறங்குன்னா நான் இன்னாத்துக்கு ஆவேன்? உங்க அக்காவுக்கு மட்டும் சொல்லாத. உன் கால்ல வுழறேன்."

என்னைவிடப் பத்து வயது மூத்தவர். என் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நின்றவர். அவர் அப்படிச் சொன்னதும் என் கோபம் உட்கார்ந்துவிட்டது. அப்போது நான் செய்ததுதான் இந்தக் கதையிலேயே மிக முட்டாள்தனமான காரியம். அன்று அது எனக்குப் புத்திசாலித்தனமாகத் தோன்றியது.

தொலைநோக்கியை வியாழன் மேல் திருப்பினேன். வியாழனுக்குப் பக்கத்தில் அதன் நிலாக்கள் நான்கும் குட்டிப் பொட்டுகளாகத் தெரியும். தினமும் இடம் மாறும். ஒரு நாள் இந்தப் பக்கம் மூன்று அந்தப் பக்கம் ஒன்று, மறுநாள் இரண்டிரண்டு, சில நாள் ஒன்று வியாழனுக்குப் பின்னால் மறைந்து மூன்றுதான் இருக்கும். முதலில் நான் பார்த்து மனதில் வைத்துக்கொண்டேன். பிறகு மாமாவை இடது கண்ணால் பார்க்கச் சொன்னேன்.

"வியாழனுக்குப் பக்கத்துல எத்தன பொட்டு? எந்தப் பக்கம் எத்தன?"

"இந்தாண்ட ரெண்டு. அந்தாண்ட ஒண்ணு. அந்த ஒண்ணு ரொம்ப ஒட்டிக்கினு இருக்குது."

சரியாக இருந்தது.

அன்றிலிருந்து ஒப்பந்தம். டூட்டிக்கு முந்தின மாலை ஏழு மணிக்கு மாமா மாடிக்கு வர வேண்டும், இடது கண்ணால் பொட்டுகளை எண்ண வேண்டும். சரியாகச் சொன்னால் மறுநாள் வண்டி எடுக்கலாம். தப்பாகச் சொன்னால் அன்றே எல்லாம் முடிந்தது, நானே அக்காவிடம் சொல்லிவிடுவேன். பொங்கல் முடிந்ததும் புதுச்சேரி கண் ஆஸ்பத்திரிக்குப் போவதாகவும் சத்தியம் செய்தார்.

ஒரு தடவைகூட அவர் தப்பாகச் சொல்லவில்லை. நானே கவனிக்காமல் விட்ட நான்காவது பொட்டை ஒரு நாள் அவர் கண்டுபிடித்துக் காட்டினார். மேகமாக இருந்தால் கலையும் வரை இருவரும் காத்திருப்போம். பொங்கல் முடிந்தது. ஆஸ்பத்திரிக்கு அவர் போகவில்லை, நானும் அழுத்திக் கேட்கவில்லை. கண்தான் நன்றாக இருக்கிறதே, அதற்கு என் தொலைநோக்கியே சாட்சி என்று இருந்துவிட்டேன். இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்தப் பரீட்சை எனக்குப் பிடித்திருந்தது. வீட்டில் எல்லாரும் வெட்டிச் செலவு என்று பேசிய பொருளை வைத்து ஒரு குடும்பத்தையும் ஒரு பஸ்ஸையும் நான் காப்பாற்றிக்கொண்டிருப்பதாக எனக்குள் ஒரு மிதப்பு. ஆழம் தெரியாமல் காலை விட்டேன் என்று சொன்னால்கூடப் பொய். தெரிந்தேதான் விட்டேன்.

பஸ்ஸில் என் சீட்டில் உட்கார்ந்து ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தேன். "மாமா, ஸ்கூட்டி", "மாமா, மாடு" என்று மெல்லச் சொல்வேன். அவர் தலையாட்டுவார். பார்ப்பவர்களுக்கு மாமனும் மச்சானும் ஊர்க்கதை பேசுவது போல இருக்கும். நான் லீவு போடுகிற நாளில் யார் சொல்வார்கள்? அதனால் காய்ச்சலோடும் ஆபீசுக்குப் போனேன்.

மாசியில் ஒரு காலை. முந்தின மாலை மூன்று பொட்டு, மூன்றையும் சரியாகச் சொல்லியிருந்தார். ஆலப்பாக்கம் தாண்டிய பிறகு ரோடு வேலை நடந்துகொண்டிருந்த இடத்தில் போகிற வண்டியும் வருகிற வண்டியும் ஒரே பாதையில் போக வேண்டியிருந்தது. எதிரே ஒரு லாரி வந்து நின்றது. அதன் முன்னால், ரோட்டின் வலது ஓரத்தில், பள்ளிச் சீருடையில் ஒரு பெண் பிள்ளை சைக்கிளில் நின்றிருந்தாள். ரோட்டைக் கடந்து எங்கள் இடது பக்கம் பிரியும் தெருவுக்குள் போக வேண்டும். லாரிக்காரர் அவளுக்காகத்தான் நின்றிருக்கிறார். அவள் கையை நன்றாக நீட்டிக் காட்டினாள், எங்கள் பஸ்ஸைப் பார்த்தாள், பெடலை மிதித்தாள்.

நான் பார்த்தேன். கையை நீட்டியதைப் பார்த்தேன். இவ்வளவு தெளிவாகக் கையைக் காட்டுகிற பிள்ளை மாமாவுக்குத் தெரியாமல் இருக்குமா என்று அரை நொடி பேசாமல் இருந்தேன். வண்டி வேகம் குறையவில்லை.

"மாமா! சைக்கிள்! சைக்கிள்!"

பிரேக் போட்டார். பஸ்ஸின் முன் மூலை சைக்கிளின் பின் சக்கரத்தைத் தட்டியது. சைக்கிள் சுழன்று விழுந்தது. பிள்ளை செம்மண் குவியலில் போய் விழுந்தாள். உயிருக்கு ஒன்றுமில்லை. இடது மணிக்கட்டு வீங்கியிருந்தது, முழங்கை தோல் வழன்றிருந்தது. புத்தகப் பையை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

பத்து நிமிடத்தில் ஊரே கூடிவிட்டது. "ஏம்மா, பஸ்ஸு வரது கண்ணு தெரியாதா உனக்கு?" என்று ஒரு பெரியவர் அவளைத்தான் திட்டினார். அவள், "நான் கை காட்டுனேன், கை காட்டுனேன்" என்று அழுதாள். லாரிக்காரர் எப்போதோ வண்டியை ஓரமாக இறக்கி ஓட்டிப் போய்விட்டிருந்தார். அவளுடைய அப்பா லுங்கியோடு ஓடி வந்தார். கண்டக்டர் என்னைக் காட்டினார்.

"சார் முன்னாடி சீட்லதான் உக்காந்திருந்தாரு. கவர்மெண்ட் ஆபீசரு. அவரையே கேளுங்க."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மாமா ஸ்டீரிங்கின் மேல் தலையைக் கவிழ்த்திருந்தார்.

"பாப்பா கை காட்டல," என்றேன். "திடீர்னு குறுக்க வந்துடுச்சி. டிரைவர் பிரேக் போட்டதாலதான் தப்பிச்சிது."

அவ்வளவு சரளமாக வந்தது. அந்தப் பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். அவளுடைய அப்பா அத்தனை பேர் முன்னால் அவள் முதுகில் ஓர் அறை வைத்தார். பிறகு மாமாவிடம் போய்க் கையெடுத்துக் கும்பிட்டு, "மன்னிச்சிக்கங்க டிரைவர் சார்" என்றார்.

மாமா அந்த பஸ்ஸை அங்கிருந்து எடுக்கவில்லை. முதலாளிக்குப் போன் செய்து வேறு டிரைவரை வரவழைத்தார். அன்று மாலையே முதலாளி வீட்டுக்குப் போய், தனக்குக் கண் தெரியவில்லை என்று தானே சொல்லிவிட்டு வேலையை விட்டு நின்றார். அக்காவிடமும் அவரே சொன்னார். அக்கா என்னிடம் வந்து கேட்டாள்: "உனக்குத் தெரியுமாமே? அத்தனை நாளா தெரியுமாமே?" நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

புதுச்சேரி ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். இரண்டு கண்ணையும் சோதித்துவிட்டு டாக்டர் அம்மா பொறுமையாக விளக்கினார். வலது கண்ணில் நடுப்பார்வை போய்விட்டது. இடது கண்ணில் நடுப்பார்வை நன்றாக இருக்கிறது, ஆனால் ஓரப்பார்வை பெரும்பகுதி போய்விட்டது.

"நேரா வச்சிக் காட்டினா சின்னப் புள்ளியகூடப் பாத்துடுவாரு. பக்கத்துல யானையே வந்தாலும் தெரியாது," என்றார்.

தொலைநோக்கி செய்வது அதுதானே. வானத்தில் ஒரு குண்டூசித் தலை அளவு இடத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதெல்லாம் வெட்டிவிடும். மோட்டார் அந்தப் பொட்டைப் பார்ப்பவனுக்காக நகராமல் பிடித்து வைத்திருக்கும். மாமாவின் கண்ணில் மிச்சமிருந்த ஒரே நல்ல இடத்தைத் தேடிப் பிடித்து, வாரக்கணக்காக அதை மட்டும் சோதித்து, பாஸ் போட்டு அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறேன். திரும்பி வரும்போது கண்கெட்ட பின் சூரிய நமஸ்காரம் என்று வாய் வரைக்கும் வந்தது. பக்கத்தில் கறுப்புக் கண்ணாடியோடு அவர் உட்கார்ந்திருந்தார். விழுங்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் தொலைநோக்கியைப் பெட்டிக்குள் வைத்து பரணில் ஏற்றினேன். அதன் மேல் தப்பில்லை. கேட்டதை அது சரியாகக் காட்டியது. நான் கேட்ட கேள்விதான் தப்பு.

மூன்று வாரம் கழித்து மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். அக்கா மகள் கையைப் பிடித்துக் கூட்டி வந்து விட்டுவிட்டுப் போனாள். காபி வந்தது. குடிக்கவில்லை.

"நேத்து அந்தப் பொண்ணு வீட்டுக்குப் போயிருந்தேன் மச்சான்."

நான் தம்ளரை அவர் கைக்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்தேன்.

"அதோட அப்பன் சைக்கிள ரிப்பேர் பண்ணி, பூட்டி, சாவிய வச்சிக்கினு இருக்கான். உனக்கு ரோட்ல போவத் தெரியலன்னு சொல்லிட்டானாம். அவங்கம்மா வேலைக்குப் போவாத அன்னிக்கி கூட்டிக்கினு போய் வுடுது. மத்த நாள் ஸ்கூலே இல்ல. நான் சொன்னேன், தப்பு என்னோடது, எனக்குக் கண்ணு தெரியல, பொண்ண ஒண்ணும் சொல்லாதீங்கன்னு. அவன் நம்பல."

"ஏன் நம்பல?"

"பெரிய மனசு பண்ணிப் பழிய நீங்க ஏத்துக்கறீங்க டிரைவர் சார்ன்றான். 'கூட வந்த ஆபீசர் சாரே பாத்துட்டு சொன்னாரே, பாப்பா கை காட்டலன்னு. அவருக்கு இன்னா பொய் சொல்லணும்னு வேண்டுதலா?'ன்னு கேக்கறான்."

காபியில் ஆடை கட்டிக்கொண்டிருந்தது. மாமா என் பக்கம் திரும்பியிருந்தார். அவர் இடது கண் எனக்குக் கொஞ்சம் தள்ளித் தேடிவிட்டு என் முகத்தின் மேல் வந்து நின்றது.

"நான் என் வேலையச் சொல்லிட்டேன் மச்சான். உன்னுத நான் சொல்ல முடியாது."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனேன். பஸ்ஸில் என் சீட் காலியாகத்தான் இருந்தது. நான் பின்னால் போய் நின்றுகொண்டேன். ஆலப்பாக்கம் தாண்டி இறங்கி, விசாரித்து, அந்தத் தெருவுக்குள் நடந்தேன். இரண்டு முறை திரும்பிப் போய்விடலாம் என்று நின்றேன். சிமெண்ட் ஷீட் போட்ட வீடு. வாசலில் சைக்கிள், சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தது.

அவளுடைய அப்பா என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்து எழுந்துவிட்டார். பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். "சார், உக்காருங்க சார். எதுக்கு சார் இவ்ளோ தூரம்? பாப்பாவுக்கு கட்டு பிரிச்சாச்சி, நல்லாருக்குது. அன்னிக்கி நீங்க சொன்னதுக்கப்புறம்தான் சார் அது அடங்கியிருக்குது" என்றார்.

நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்ல மாட்டேன் என்று எனக்குத் தெரியும்.

"அன்னிக்கி நான் பொய் சொன்னேங்க. பாப்பா கை காட்டுச்சி. லாரி நின்னுச்சி. பாப்பா சரியாத்தான் வந்துச்சி. டிரைவர் என் மாமா. அவருக்குக் கண்ணு தெரியாதுன்னு எனக்கு முன்னாடியே தெரியும்."

அவருக்கு முதலில் புரியவில்லை. சிரிக்கப் பார்த்தார். "அட, பாப்பாவுக்காக சொல்றீங்க சார். அந்த டிரைவரும் வந்து இப்படித்தான்…"

உள்ளே இருந்து அவள் வந்தாள். பதினான்கு வயது இருக்கும். இடது கை மெலிந்து வெளுத்திருந்தது. அப்பாவைப் பார்க்காமல் நேராக என்னைப் பார்த்தாள். என்னிடம் பேச அவளுக்குப் பயமே இல்லை.

"எந்தக் கைய சார் காட்டுனேன்?"

நான் சமாதானத்துக்காகச் சொல்கிறேனா, நிஜமாகவே பார்த்தேனா என்று தெரிந்துகொள்ளக் கேட்டாள். என் கண் முன்னால் எல்லாம் அப்படியே இருந்தது: சட்டைக் கை மடிப்பு, விரித்த விரல்கள், மணிக்கட்டில் கட்டியிருந்த சிவப்புக் கயிறு.

"வலது கை," என்றேன். "செகப்புக் கயிறு கட்டியிருந்த கை."

அவளுடைய அப்பா அந்தக் கையைத் திரும்பிப் பார்த்தார். கயிறு இன்னும் இருந்தது. அவர் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"அப்ப அன்னிக்கே பாத்திருக்கீங்க," என்றாள்.